மலையைப் பற்றி நாலு வார்த்தை கெடுதலாக எழுதவும்

கல்மண்டபம், இராயபுரம்,
சென்னப்பட்டணம்.
1932, பிப்ரவரி.

கர்த்தருக்குள் பிரியமான மதினி தேவகிருபை அம்மாள் அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி ஞானபாக்கியம் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. அப்படித் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இங்கே நிலவரம் வேறாக இருக்கும்போது சுகம் என்று எழுதினால் அது பொய்சாட்சி ஆகிவிடும். உடம்புக்கு ஒன்றுமில்லை மதினி. உங்கள் தம்பி மூன்று வேளையும் சாப்பிட்டு நடுவில் காப்பியும் குடிக்கிறார். மகள் ஐரீன் நன்றாக இருக்கிறாள். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் தம்பியுடைய வாய்.

இந்தக் கடுதாசியை உங்களுக்கு வாசித்துக் காட்டும் உபதேசியார் ஐயாவுக்கும் என் ஸ்தோத்திரம். ஐயா, இதைத் தயவுசெய்து கோயில் முற்றத்தில் வைத்து வாசிக்க வேண்டாம். மதினி வீட்டுக்குள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் வாசியுங்கள். போன கடுதாசியை நீங்கள் முற்றத்தில் வாசித்ததில் என் முழங்கால் வலி உங்கள் மேல்கோம்பை ஊர் முழுக்கப் பரவி, வீட்டுக்கு வீடு தைலம் காய்ச்சி அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய எல்லாருக்கும் நன்றி சொல்லுங்கள். வலி அப்படியேதான் இருக்கிறது.

எல்லாத்துக்கும் ஆரம்பம் ஐப்பசியில் நீங்கள் தகர டின்னில் அனுப்பின மலைத்தேன் மதினி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. தேன் நல்ல தேன். அதை உங்கள் தம்பி நம் மளிகைக் கடையில் முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டு ஜெயவேல், துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமக்கிற நல்ல மனுஷன், வேலை முடிந்து கறுப்பு முகத்தோடு வந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வெல்லப்பாகு கணக்கா கீதே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். உங்கள் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. தராசைக் கீழே வைத்தார். மலைப்பாறையில் தேன் எடுக்கிறது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். கொடியில் கயிறு முறுக்கிக்கொண்டு ஆள் பாறையிலே இறங்குவான், மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் இறங்கினவனுடைய மச்சினனாகத்தான் இருக்க வேண்டும், அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள், மச்சினன்தான் தன் அக்காள் தாலி அறக்கூடாது என்று உயிரைக் கொடுத்துப் பிடிப்பான் என்று சொல்லி, உங்கள் வீட்டு அத்தான் இறங்க, தான் சின்ன வயசில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். கடை வாசலில் மீன்கூடையோடு நின்ற மீனவக் குப்பத்துப் பூவம்மா, "அட, எங்க கட்டுமரத்துலயும் பின்னால துடுப்பு போடறவன் மச்சான்காரன்தான்யா! அதே கதைதான்!" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே தேன் டின் காலி.

அதிலிருந்து உங்கள் தம்பிக்கு ஒரு நினைப்பு, கதை சொன்னால் சரக்கு போகும் என்று. தேன் தீர்ந்துபோச்சு, கதை தீரவில்லை. மிளகு வாங்க வந்தவர்கள் மிளகை மறந்துவிட்டுக் கதையோடு போனார்கள். கயிறு பிடித்த கதை வாரா வாரம் வளர்ந்தது. முதலில் இரண்டு கையாலும் பிடித்தார். அப்புறம் ஒரு கையால் பிடித்து இன்னொரு கையால் தேனீயை விரட்டினார். கிறிஸ்துமஸ் வருகிற நேரத்தில் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளேயிருந்து, "பல்லால் கடிச்சா எப்படிங்க அத்தான்கிட்ட பேசினீங்க?" என்று கேட்டேன். அதற்கு எல்லாரும் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். பலாமரத்தடிக்கு வந்த கரடியை நீங்கள் விளக்குமாற்றால் அடித்து விரட்டின கதை இங்கே பிரசித்தம். மதினி, உங்களை ஒருத்தரும் பார்த்ததில்லை, ஆனால் இந்தத் தெருவில் புருஷன் பெண்சாதி சண்டை வந்தால் பெண்கள் உங்கள் பெயரைச் சொல்லித்தான் விளக்குமாற்றை எடுக்கிறார்கள்.

மார்கழியில் நடந்ததைக் கேளுங்கள். அன்று விடியற்காலையில் நல்ல பனி. எதிர்வீடு தெரியவில்லை. உங்கள் தம்பி மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். பனியைக் கண்டதும் மலை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, நம் வீட்டுக் கூவலை, அதுதான் நீங்கள் எதிர்மலையிலிருந்து இவரைச் சாப்பிடக் கூப்பிடுவீர்களாமே, அதை மூச்சு முட்டக் கூவினார். மலையில் அப்படிக் கூவினால் கஞ்சி ஆறுகிறது என்று அர்த்தம். இந்தக் கடற்கரையில் அப்படி நீளமாக யாராவது கத்தினால் கட்டுமரம் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். இது அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக இங்கேதானே குடியிருக்கிறோம்! குப்பம் முழுக்க அலறிக்கொண்டு கரைக்கு ஓடியது. கயிற்றையும் மிதவைக் கட்டையையும் தூக்கிக்கொண்டு ஆண்பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்து, கரையில் கூட்டத்தைப் பார்த்து, ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்று அவர்களும் அழுதுகொண்டே இறங்கினார்கள்.

பூவம்மா துடுப்பைத் தூக்கிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தாள். "எவன்யா கத்தினவன்? என் ஊட்டுக்காரரு கடல்ல கீறாரு, நான் தாலியைக் கையில புடிச்சிகினு ஓடியாரேன், நீ மாடில நின்னு கத்தி வெள்ளாடறியா?" என்று கேட்டாள். நான் இவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நியாயமாக இரண்டு அடி விழுந்திருக்க வேண்டும் மதினி. விழுந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அவள் அடிக்குமுன், "இன்னாத்துக்கு அப்படிக் கத்தினே?" என்று ஒரு கேள்வி கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது. இவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மலையில் வீட்டுக்கு வீடு ஒரு கூவல் உண்டு, மூடுபனி மஞ்சாக இறங்கிப் பாதை தெரியாமல் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் அவன் தன் வீட்டுக் கூவலைக் கூவுவான், பக்கத்தில் இருக்கிற வீடு அதைக் கேட்டுத் திருப்பிக் கூவும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் நடப்பான், அடுத்த வீடு கூவும், இப்படியே அவனைச் சத்தத்தாலேயே கைபிடித்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்று சொன்னார். பூவம்மா துடுப்பை மெல்லக் கீழே வைத்தாள். "எங்க ஆளுங்க பனியில மாட்டிக்கினா நாங்க கரையில நெருப்பு மட்டுந்தான்யா காட்டுவோம். பனியில நெருப்பு எங்க தெரியுது" என்றாள். அப்புறம், "எனக்கு ஒண்ணு சொல்லிக் குடு" என்றாள்.

அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள். இப்போது குப்பத்தில் குடும்பத்துக்கு ஒரு கூவல். பனியிருக்கிற நாளெல்லாம் விடியுமுன் ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் நல்லது நடந்தது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன், திசை தெரியாமல் போன ஒரு கட்டுமரம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக் கரைசேர்ந்தது, பூவம்மா ஒரு பெரிய வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் நான் நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாகிறது! பெரிய பேஜாராகிவிட்டது. (இது இந்த ஊர் வார்த்தை மதினி, தொல்லை என்று அர்த்தம். உபதேசியார் ஐயா பிரசங்கத்தில் பயன்படுத்த வேண்டாம்.)

அதோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன். ஜனவரியில் இவருக்கு இன்னொரு ஞானம் வந்தது. மலைவாழைப் பழத்தின் ருசியைப் பற்றி இவர் சொல்லிக்கொண்டே இருந்ததில், ஜெயவேல் ஒரு நாள், "சொல்லிகினே கீறியே நைனா, ஒரு வாயப்பயம் கண்ணுல காட்டு" என்று கேட்டுவிட்டார். இவர் கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போய் வாழைக்காய்த் தார் ஒன்று வாங்கிவந்து, மலையில் பழுக்கப் போடுகிற மாதிரி, கொல்லையில் குழி தோண்டி, தாரை உள்ளே வைத்து மண்ணால் மூடி, ஒரு ஓரத்தில் சட்டியை வைத்துச் சாணிவறட்டியைப் புகையவிட்டார். மலையிலே அந்தப் புகை மஞ்சோடு மஞ்சாகப் போய்விடும், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இங்கே நம் கொல்லைக்கு அடுத்த சுவர் மரம் அடுக்கி விற்கிற மரத்தொட்டி, அதற்கு அடுத்தது மண்ணெண்ணெய்க் கிடங்கு! காற்று அந்தப் பக்கம் திரும்பினதும் யாரோ கிடங்கு பற்றிக்கொண்டது என்று கத்திவிட்டான். தெருவே காலியானது. மணியடித்துக்கொண்டு நெருப்பணைக்கிற வண்டி வந்துவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை, கடமையைச் செய்தார்கள். குழி, சட்டி, வாழைத்தார், பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த உங்கள் தம்பி, எல்லாவற்றையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போனார்கள். பழம் பழுக்கவில்லை. இவருக்கு ஜலதோஷம் பிடித்தது.

வீட்டுச் சொந்தக்காரர் பக்தவச்சலம் வந்து வாசலில் நின்று, "ராசையா, உன்னால ஊரே எரிஞ்சிருக்கும், வேற வூடு பாத்துக்கோ" என்று கோபத்தில் சொல்லிவிட்டார். மறுநாளே மனசு மாறி, "சும்மா சொன்னேன், இருங்க" என்று வந்து சொன்னார். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் உங்கள் தம்பி முடிவு பண்ணிவிட்டார். "பாக்கியம், இந்த ஊர் நமக்கு ஒத்துவராது. புகை போட்டா வண்டி வருது, கூவினா துடுப்பு வருது. நாம மலைக்கே போயிருவோம்" என்றார். ஜலதோஷத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். ஜலதோஷம் போன பிறகும் அதையே பேசினார். திருவொற்றியூர் வியாபாரி ஒருவரிடம் கடையை விட்டுக்கொடுக்கிறதாக வாய்வார்த்தையும் சொல்லிவிட்டார். ஈஸ்டர் கழிந்ததும் மூட்டை கட்ட வேண்டுமாம்.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்லுகிறேன் மதினி. ஐரீனுக்கு இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் சேர வேண்டும். எத்தனை பிள்ளைகள் கேட்டு நின்ற இடம் தெரியுமா! அவள் படிப்புக்கென்று நான் எத்தனை ஜெபம் பண்ணியிருப்பேன். அப்பா மலைக்குப் போகலாம் என்றதும் அவள் நர்ஸ் படிப்புக்கென்று ஓரம் தைத்து வைத்திருந்த வெள்ளைப் புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டாள், "அப்பா, மலையில யாருக்காவது பிரசவம் கஷ்டமானா என்ன செய்வாங்க?" என்று. உங்கள் தம்பிக்குக் கதை கிடைத்துவிட்டது. கொட்டுகிற மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை டோலி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதையும், பாதி வழியில் வலி முற்றி, நீங்கள் வாழையிலையைக் குடையாகப் பிடிக்கச் சொல்லிப் பாறையோரத்தில் பிள்ளையை எடுத்ததையும், பிள்ளை அழுத சத்தம் எதிர்மலைக்கே கேட்டதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், நானே சோற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். முடித்ததும் ஐரீன், "அந்த அம்மா பிழைச்சாங்களா?" என்று கேட்டாள். இவர், "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "அம்மாப்பா?" என்று மறுபடி கேட்டாள். இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கதையை இவர் கடையிலே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார் மதினி, அந்த இடத்துக்கு அப்புறம் என்ன என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆனாலும் பிடிவாதம் போகவில்லை. அதனால்தான் உங்கள் காலில் விழுகிறேன். உங்கள் வார்த்தைக்கு அவர் கட்டுப்படுவார், வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார். மலையைப் பற்றி நாலு வார்த்தை கெடுதலாக எழுதிப் போடுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாலே போதும். கலியாணமான புதிதில் நான் ஒரு தடவை வந்தேனே, மறக்குமா? அருவி அருவி என்று கூட்டிக்கொண்டு போனார், போய்ப் பார்த்தால் நான் பிறந்த தேரிக்காட்டுக் கிணற்றடியில் இதைவிட அதிகமாகத் தண்ணீர் சிந்தும். அட்டை கடித்து என் காலெல்லாம் ரத்தம். குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாகிவிட்டது, நானும் கல்லாகிவிட்டேன். இதையெல்லாம் எழுதுங்கள். மலைக்காய்ச்சல் வருகிறதையும், கூரை ஒழுகுகிறதையும், யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போகிறதையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கடைசியில், "தம்பி, நீ பார்த்த மலை இப்போ இல்லை, இங்கே வராதே" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் என் மகள் பிழைத்துக்கொள்வாள். நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் தெரிய வேண்டாம்.

அத்தானுக்கும், வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் யாவருக்கும் எங்கள் அன்பு. உங்கள் கோழி, மாடு, வாழை எல்லாம் கர்த்தர் கிருபையால் பெருகட்டும், யானை அடுத்த மலைக்குப் போகட்டும். உபதேசியார் ஐயாவின் தொண்டைக்கு மிளகு அனுப்பியிருக்கிறேன், இவ்வளவு நீளம் வாசித்ததற்காக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஞானபாக்கியம்.

பி.கு.: மதினி, மேலே எழுதினது ஒண்ணையும் செய்யாதீங்க. கடுதாசியை ஒட்டுறதுக்குப் பசை காய்ச்சிக்கிட்டு இருக்கேன், வாசல்ல உங்க ஊரு சண்முகவேல் வந்து நிக்கிறாரு! மிளகு மூட்டையோட பட்டணம் வந்தாராம், நீங்க விலாசம் குடுத்தீங்களாம். உங்க தம்பிக்குத் தலைகால் புரியல. மேல்கோம்பைக்காரரே சாட்சிக்கு வந்துட்டாருன்னு அவரைக் கடைக்கு நடுவுல முக்காலி போட்டு உக்கார வச்சு, தெருவையே கூட்டிட்டாரு. தேன்பாறைக் கதையை எடுத்தாரு. சண்முகவேல், "ஆமா, அந்தப் பாறைதானே, போன வாரம்கூட நான் கயிறு பிடிச்சேன்" அப்படின்னாரு. அவ்வளவுதான். கரடிக் கதை சொன்னா, "பலாப்பழ காலம்ல, வரத்தான் செய்யும்" அப்படின்னு கொட்டாவி விடுறாரு. கூவலைப் பத்திச் சொன்னா, "சத்தம் போட்டாத்தானே கேக்கும்" அப்படின்னாரு. உங்க தம்பி முகத்தைப் பாக்கணுமே! சொல்லச் சொல்லக் குரல் இறங்கிப்போச்சு.

அப்புறம் அந்த சண்முகவேல் கேக்கிறாரு, "ஏன் அண்ணாச்சி, கப்பலுக்கு உள்ள அடுப்பு எரியுமாமே, நெசமா?" அப்படின்னு. ஜெயவேலைப் பிடிக்க முடியல. கப்பல் வயித்துக்குள்ள இறங்கிக் கரி கொட்டுறதை அவரு சொல்ல, நடுக்கடல்ல சுறா வலையைக் கிழிச்சதைப் பூவம்மா சொல்ல, உங்க ஊருக்காரரு வாய்க்குள்ள ஈ போறது தெரியாம உக்காந்து கேக்கிறாரு, "அப்புறம்? அப்புறம்?" அப்படின்னு. "இன்னாய்யா, இதைப் போயி அதிசயமா கேக்கறே, இது எங்களுக்குத் தினமும் உள்ளதுதானே" அப்படின்னு பூவம்மா சிரிக்கிறா. உங்க தம்பி ஒரு ஓரமாப் போயி மிளகு மூட்டை மேல உக்காந்துட்டாரு. கூட்டம் கலைஞ்சதும் நான் காப்பி கொண்டு போனேன். டம்ளரைக் கையில வச்சிக்கிட்டு, "பாக்கியம், மலைக்குப் போயிட்டா நான் மலையைப் பத்தி யாருகிட்டடி சொல்லுவேன்? அங்க எல்லாருக்கும்தான் தெரியுமே" அப்படின்னாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. சட்டையை மாட்டிக்கிட்டு அவரே திருவொற்றியூருக்குப் போயி, கடை குடுக்கிறதுக்கில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. வந்ததும் ஐரீனைக் கூப்பிட்டு, "படிம்மா. அந்த அம்மா பிழைக்கல. நீ நல்லாப் படி" அப்படின்னாரு. அந்தப் பிள்ளை அவரு கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டா. இப்ப வெள்ளைப் புடவையை வெளிய எடுத்துக் கொடியில உதறிப் போட்டிருக்கா.

ஆனா மதினி, இத்தனை மாசமாக் கேட்டுக் கேட்டு இந்தத் தெருவுக்கு ஆசை வந்துருச்சு. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் சண்முகவேல் கூட பூவம்மா, அவ வீட்டுக்காரரு, ஜெயவேல், அவரு பெண்சாதி, ஐரீன், நானு எல்லாரும் புறப்பட்டு உங்ககிட்ட வர்றோம். தங்குற இடத்துக்கு ஒண்ணும் சிரமப்பட வேண்டாம், பூவம்மா மணல்ல தூங்குறவ. உங்க தம்பி வரமாட்டேங்கிறாரு. கடையைப் பாக்கணுமாம். எனக்குத் தெரியாதா என்ன, ஒவ்வொண்ணா எங்கே எங்கேன்னு கேப்பாங்கன்னு பயம். அதனால ஒரே ஒரு உபகாரம். அருவியைக் கேட்டா கோடையில வத்திப்போச்சுன்னு சொல்லுங்க. எதைக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டுங்க. கயிறைப் பல்லால பிடிச்சதையும் சேர்த்துத்தான். உங்க தம்பி சொன்னதுல ஒண்ணைக்கூட இல்லைன்னு சொல்லிப்புடாதீங்க. என் புருஷனைப் புளுகர்னு இந்த லோகத்துல நான் ஒருத்திதான் சொல்லலாம்.